தீவிர வலதுசாரிக் கட்சிகள் உடைவது கூட்டணியாலா, தலைமையாலா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
எங்கள் ஊர்த் தமிழ் வாசகர் கூட்டத்தில் ஐரோப்பியத் தீவிர வலதுசாரிக் கட்சிகளைப் பற்றிப் பேச இருக்கிறேன். பிரான்சின் தேசிய முன்னணி 1998ஆம் ஆண்டின் இறுதியில் பிளவுபட்டதற்குக் கூட்டணிக் கொள்கை காரணமா, தலைமைப் போட்டி காரணமா?

குப்பம் தமிழர்:
இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது, ஐயா. மரபான வலதுசாரிகளோடு உடன்பாடு கண்டு ஆட்சியதிகாரத்தை நெருங்க வேண்டும் என்று கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவர் புரூனோ மெக்ரே வாதிட்டார். கட்சித் தலைவர் ழான்-மரி லெ பென்னோ, 1999 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தாம் போட்டியிடத் தடை வந்தால் வேட்பாளர் பட்டியலுக்குத் தம் மனைவியே தலைமை ஏற்பார் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். (குடும்ப அரசியல் நமக்குப் புதிதா என்ன!) மெக்ரே நீக்கப்பட்டுத் தனிக்கட்சி தொடங்கினார். அத்தேர்தலில் இரு தரப்பும் சேர்ந்தே பத்து விழுக்காட்டைத் தொடவில்லை.

சித்தூர் ஆசிரியை:
ஆஸ்திரியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2000இல் மக்கள் கட்சியோடு கூட்டணி ஆட்சி அமைத்த சுதந்திரக் கட்சியில், அமைச்சர்களாக இருந்தவர்கள் சமரசம் செய்வதாக முன்னாள் தலைவர் ஹைடரின் ஆதரவாளர்கள் கொதித்தெழ, 2002 செப்டம்பரில் கட்சித் தலைவி பதவி விலகினார். அவ்வாண்டு நவம்பரில் நடந்த தேர்தலில் அக்கட்சியின் வாக்கு ஏறத்தாழ 27 விழுக்காட்டிலிருந்து 10 ஆகச் சரிந்தது. ஆகவே, அதிகாரத்தில் பங்கு கிடைத்த பிறகே பூசல் முற்றுகிறது என்பது என் கருத்து.

குப்பம் தமிழர்:
அம்மா, அதை முழுமையாக ஏற்க இயலவில்லை. ஜெர்மனியின் ஏ.எஃப்.டி. (ஜெர்மனிக்கான மாற்று) கட்சி, ஆட்சியில் பங்கேற்காமலேயே 2015இல் தன் நிறுவனர்களுள் ஒருவரான பெர்ன்ட் லுக்கேயைத் தலைமையிலிருந்து வீழ்த்தியது. அவரை வீழ்த்திய ஃபிராவ்கே பெட்ரியும் 2017இல் வெளியேறினார்.