ஆஷ் துரை அயர்லாந்துக்காரரா?

பாளை பையன்:
1911 ஜூன் 17-ல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் சுட்ட கலெக்டர் ஆஷ், அயர்லாந்துக்காரர் என்கிறார்களே, நிஜமா? அங்கேயும் இங்கிலீஷ்காரன் ஆட்சிதானே, அப்புறம் இங்கே வந்து அதே அதிகாரத்தைப் பண்ண எப்படி மனசு வந்தது?

தென்காசி அண்ணாச்சி:
நிஜம்தான் தம்பி. ஆனால் அயர்லாந்து ஒரே கூட்டம் இல்லை. ஆஷ் புராட்டஸ்டன்ட், அதிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறுபான்மை. நசுக்கப்பட்டது பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1695 சட்டப்படி அவர்கள் 5 பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரைகூட வைத்திருக்கக் கூடாது! 1704-ல் இன்னொன்று, அப்பன் நிலத்தை எல்லா மகன்களுக்கும் துண்டு போடணும், மூத்தவன் புராட்டஸ்டன்ட் ஆனால் முழுசும் அவனுக்கே. வீட்டுக்குள்ளேயே சண்டை மூட்டுகிற வேலை. நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருந்தார்கள்.

இடையன்குடி வாசகி:
எங்க ஊர் கால்டுவெல்லும் 1814-ல் அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பக்கம் பிறந்தவர்தான் அண்ணாச்சி, ஆனால் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். 1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து சுமார் 10 லட்சம் பேர் செத்தபோது அவர் இங்கே பனங்காட்டு ஊரில் இருந்தார். அப்பவும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

பாளை பையன்:
சரி, 1876 பஞ்சத்தில் நம்ம மாகாணத்தில் நடந்ததும் இதேதானே!