இறகு உதிர்க்கும் கோழிகளுக்கு என்ன செய்து கொடுக்கலாம்?

வணக்கம். கொல்லையில் வளர்க்கும் கோழிகள் இப்போது இறகு உதிர்க்கின்றன. கழுத்தில் புது இறகு முள் முள்ளாக நிற்கிறது, தொட்டாலே கத்துகின்றன, பார்க்கவே பாவமாக இருக்கிறது. இறகு பெரும்பாலும் புரதம்தான். அதனால் சூரியகாந்தி விதை, உலர்ந்த புழு, உடைத்த மக்காச்சோளம் எல்லாம் கலந்து, கொத்தித் தின்னும்படி ஒரு கட்டியாகச் செய்து தொங்கவிட ஆசை.

சர்க்கரை, தேன் சேர்க்காமல் அதை எப்படி இறுக்குவது? முட்டையும் ஓட்ஸும் சேர்த்துச் சுட்டால் உதிராமல் நிற்குமா? உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துவிடுமோ என்பதுதான் பெரிய கவலை. தின்பண்டம் மொத்தத் தீனியில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் சின்னதாகவே செய்வேன், உப்பும் போட மாட்டேன்.

அப்புறம், முட்டையோட்டைப் பொடித்து இதிலேயே சேர்க்கலாமா, தனிக் கிண்ணத்தில் வைப்பதே நல்லதா? செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவி.