முறைக்காய்ச்சலும் கண்மாயைச் சுற்றிப் போகும் வழியும்

தேவகோட்டைப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் பகிர்வு:

காய்ச்சல் வந்தால் நம் கிராமத்து மக்கள் முதலில் எங்கே போகிறார்கள் என்ற பேச்சு நம் குழுவில் எழுந்ததால், என் சித்தப்பாவுக்கு நேர்ந்ததை எழுதுகிறேன். நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன்.

சித்தப்பா மங்களூரில் கட்டட வேலை பார்த்துவிட்டு ஐப்பசியில் தீபாவளிக்கு ஊர் திரும்பினார். வந்த நான்காம் நாள் உச்சிப்பொழுதில் பல் கிட்டும்படி குளிர் எடுத்தது. இரண்டு போர்வைக்கு மேல் சாக்கைப் போர்த்தியும் அடங்கவில்லை. பிறகு உடம்பு அனலாய்க் கொதித்து, மாலையில் வியர்த்துக் கொட்டி, எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கு மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் குளிர். "இது முறைக்காய்ச்சல்டா" என்று அப்பத்தா அப்போதே சொன்னார். ஆனாலும் நிலவேம்புக் கசாயம், கோயில் விபூதி, பேருந்து நிறுத்தத்து மருந்துக்கடை மாத்திரை, நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரின் ஊசி என்று ஒன்பது நாள் ஓடிவிட்டது. இரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. பத்தாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்த பிறகே வைவாக்ஸ் வகை மலேரியா என்று தெரிந்தது.

முதலிலேயே ஏன் அங்கே போகவில்லை என்று கேட்டேன். நேர்கோட்டில் அளந்தால் மூன்று கிலோமீட்டர்தான். கோடையில் கண்மாய்க்குள் இறங்கிக் குறுக்கே நடந்துவிடலாம். மழை பெய்து கண்மாய் பெருகிவிட்டால், கரையைச் சுற்றி, கலுங்கு தாண்டி, தார்ச்சாலையை அடைந்து, பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். காலைப் பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது பதினொரு மணிக்கு. அதில் போய்ச் சேர்வதற்குள் சீட்டுக் கொடுக்கும் நேரம் முடிந்துவிடும். மருந்துக்கடையோ இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது. கடைக்காரர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். சித்தப்பாவின் கணக்கில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கொசு பெருகும் மாதங்களும் வழி நீளும் மாதங்களும் எங்கள் ஊரில் ஒன்றாகவே வருகின்றன.

கென்யா, நமீபியா போன்ற நாடுகளில் இடஞ்சார் புள்ளியியல் ஆய்வாளர்கள் இதையே அளக்க முயன்றிருக்கிறார்கள். மருத்துவமனையைச் சுற்றி வெறும் வட்டம் போடாமல், நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சாலை, காடு, ஆறு, ஏற்றம் ஆகியவற்றுக்கு ஏற்ப ஒவ்வொரு கட்டத்தையும் கடக்க ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு, பயண நேரம் கூடக்கூடக் காய்ச்சல் கண்ட குழந்தையை அங்கே கொண்டுபோகும் வாய்ப்பு எப்படிக் குறைகிறது என்று வீட்டுக் கணக்கெடுப்புகளை வைத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளிவந்த நமீபிய ஆய்வு இந்த வகையைச் சேர்ந்தது.

இந்தக் கணக்கைச் செய்யாமல் சுகாதார நிலையத்தின் பதிவேட்டை மட்டும் வைத்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், சுகாதார நிலையத்தைச் சுற்றியே நோய் குவிந்திருப்பதாகத் தோன்றும். நோய்க் குவியல்களைத் தேட 1997இல் மார்ட்டின் குல்டார்ஃப் என்ற புள்ளியியலாளர் வகுத்த முறையில், வட்டம் ஒன்றைச் சிறிதும் பெரிதுமாக மாற்றி வரைபடம் முழுக்க நகர்த்தி, உள்ளே எதிர்பார்த்ததைவிட நோயாளிகள் மிகுந்திருக்கிறார்களா என்று சோதிப்பார்கள். அருமையான கருவி அது. ஆனால் மருந்துக்கடையோடு நின்றுவிட்ட காய்ச்சல் பதிவேட்டில் ஏறாததால் அந்த வட்டத்துக்குள் விழாது. சிற்றூர்களில் ஒரே ஒரு நோயாளி கூடினாலும் விகிதம் தாவிவிடும் என்பதால், பக்கத்து ஊர்களின் எண்களையும் சேர்த்துச் சமன்செய்வது வழக்கம். இங்கும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் கண்மாயின் இரு கரை ஊர்களும் கொசுவுக்குப் பக்கத்து ஊர்கள். மழைக்காலத்து நோயாளிக்கு அப்படி அல்ல.

சித்தப்பாவுக்கு மூன்று நாள் குளோரோகுயினும் பதினான்கு நாள் பிரிமாகுயினும் கொடுத்தார்கள். காய்ச்சல் விட்டதும் ஐந்தாம் நாளோடு மாத்திரையை நிறுத்திவிட்டார். வைவாக்ஸ் கிருமி கல்லீரலில் உறங்கிக் கிடக்கும்; அதை அழிக்கத்தான் அந்தப் பதினான்கு நாள் மாத்திரை. தை மாதத்தில் மறுபடியும் குளிர் வந்தது.

கல்லல் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் பதில்:

தம்பி எழுதியது முற்றிலும் உண்மை. கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காய்ச்சல் கணக்கெடுக்க வீடு வீடாகப் போனால் பகலில் பாதி வீடுகள் பூட்டியிருக்கும். பெண்கள் எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே கண்மாய் வெட்டும் இடத்துக்கே தகடுகளை எடுத்துச் சென்று, கருவேல நிழலில் அமர்ந்து இரத்தம் எடுத்தேன். முடிவு வருவதற்குள் ஒருவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரைத் தொலைபேசியில் பிடிப்பதற்கு எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

பதினான்கு நாள் மாத்திரையையும் மொத்தமாகக் கையில் கொடுத்துவிட்டு நான் வந்ததில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை போய், வெறும் உறையை வாங்கிப் பார்த்துவிட்டே அடுத்த மாத்திரைகளைக் கொடுப்பேன். கடைசி உறையும் கைக்கு வந்த பிறகுதான் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போடுவேன்.