அங்கியை மடித்துவைக்கலாமா? மாறியவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகளாகச் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். இப்போது ஓர் உற்பத்தி நிறுவனத்தின் சட்டப் பிரிவு வேலைக்கு, வரும் வியாழக்கிழமை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள்.

வாய்தா அலைச்சல் போவதில் வருத்தமே இல்லை. ஆனால் இந்திய பார் கவுன்சில் விதி 49-இன்படி, முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துவிட்டு வழக்காடுவதை நிறுத்த வேண்டும். அதுதான் உறுத்துகிறது.

இன்னொன்று: நான் ஒப்பந்தம் எழுதிப் பழகியவன் இல்லை. முறிந்த பிறகுதான் ஒப்பந்தங்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. நேர்காணலில் இதை ஒரு பலமாகச் சொல்ல முடியுமா? இப்படி மாறியவர்கள் முதல் ஆறு மாதம் எதில் திணறினீர்கள்? மீண்டும் நீதிமன்றத்துக்கே திரும்பியவர்கள் உண்டா? பழைய கட்சிக்காரர்கள் உங்களைத் தேடி வந்தார்களா?