அம்பாசடரில் மின்சார வாட்டர் பம்ப்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் கொண்ட எங்கள் பழைய அம்பாசடரில், பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்புக்குப் பதிலாக, நிமிடத்துக்கு 80 லிட்டர் தள்ளும் 12 வோல்ட் மின்சார பம்பைப் பொருத்த விரும்புகிறேன். நெரிசலில் எஞ்சின் வேகம் குறையும்போது பம்பின் வேகமும் குறைந்து, வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிவிடுகிறது. எஞ்சினை அணைத்த பிறகும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) சிறிது நேரம் சுற்றுவது சிலிண்டர் ஹெட்டுக்கு நல்லது என்றே நம்புகிறேன்.

ஆனால் இந்த எஞ்சினில் விசிறி, பம்பின் தண்டிலேயே அமர்ந்திருக்கிறது. அதே பெல்ட்தான் டைனமோவையும் சுற்றுகிறது. பம்பை முழுதாகக் கழற்றினால் விசிறியும் பெல்ட்டின் ஓட்டமும் போய்விடும். ஆகவே பம்பின் உடலை அப்படியே விட்டு, உள்ளிருக்கும் இம்பெல்லரை (கூலன்ட்டைத் தள்ளும் இறக்கைச் சக்கரம்) மட்டும் அகற்றி, ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் மின்பம்பை இணைப்பது சரியாக வருமா? ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது) டைனமோ போதிய மின்சாரம் தராது என்பதால், முதலில் குறைந்த வேகத்திலும் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டருக்கு மாறுவது அவசியமா? இவ்வேலையைச் செய்து பார்த்தவர்கள், தெர்மோஸ்டாட்டை (வெப்பத்துக்கேற்ப கூலன்ட்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) என்ன செய்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.