வியெனெஸா, வெங்காஸா? ஸ்பானிஷ் 'வெனிர்' (வருதல்) படுத்தும் பாடு

பாளைமாணவன்:
'அத்தை உன்னை வரச் சொல்லுதா' என்பதை "மி தீயா தீஸே கே வியெனெஸ்" என்று எழுதினால் வெங்காஸ் போடணும்னு திருத்தம் வருது. ரெண்டுலயும் 'சொல்லுதா' (தீஸே) ஒண்ணுதான். அப்போ எங்க மாறுது? தமிழ்ல 'வந்தா'ன்னு வர்ற இடத்துல எல்லாம் இந்த சப்ஜங்டிவ் (ஏவல், ஆசை, சந்தேகம் மாதிரி இடத்துல வர்ற வெங்காஸ் போல வினை வடிவம்) போடலாமா?

ஆத்துப்பாலம்:
நீங்க எழுதினது பிழையில்ல தம்பி, அர்த்தம் வேற. வியெனெஸ்னா சேதி: 'நீ வாரியாம், அத்தை சொல்லுதா'. வெங்காஸ்னா ஏவல்: 'உன்னை வரச் சொல்லுதா'. நாம 'வாரியாம்', 'வர' என்று சொல்லையே மாத்திருதோம். அங்க வினையோட வால் மட்டும் மாறும்.

வடிவத்துக்கு, 'நான் வாரேன்' என்கிற வெங்கோவை எடுங்க. கடைசி ஓ-வை வெட்டி ஆ போடுங்க: வெங்கா (நான், அவன், அவ, மரியாதை நீங்க), வெங்காஸ் (நீ), வெங்காமோஸ் (நாம), வெங்கான் (அவங்க). வெனிர்ல இருந்து நேரா வெட்டினா 'வெனா'ன்னு வரும், அது ரத்தக்குழாய்! ஸ்பெயின்ல கூட்டாளிகளைப் பாத்து 'நீங்கள்லாம்' என்பதுக்கு வெங்காய்ஸ். வெங்காயம்னு வச்சுக்கிட்டா மறக்காது. தெனெர் ('வச்சிரு': தெங்கா), பொனெர் ('வை': பொங்கா) எல்லாம் இதே வழிதான்.

அத்தை நேத்தே சொல்லிட்டான்னா "தீஹோ கே வினியெராஸ்". தீஹோன்னா 'சொன்னா', வினியெராஸ் வெங்காஸோட இறந்தகால வடிவம்.

தேரடி:
'வந்தா' கேள்விக்கு: போடக் கூடாது. நம்மாளுக அதிகம் வழுக்குறது இங்கதான். 'அவன் வந்தா சொல்லு', வருவானான்னே தெரியலன்னா "சி வியெனே". இந்த 'சி'க்குப் பின்னால வெங்கா வரவே வராது. வர்றது உறுதி, நேரம்தான் தெரியலன்னா 'வந்ததும் சொல்லு': "குவாந்தோ வெங்கா". பேச்சுல ரெண்டுக்கும் 'வந்தா'ன்னுதான் சொல்லுதோம், அதனால முதல்ல எதுன்னு முடிவு பண்ணிக்கிடுங்க. தினமும் நடக்கிறதுன்னா குவாந்தோ கூட வியெனேதான்.

இன்னொண்ணு, 'வருவான்னு தோணல' என்பது "நோ க்ரெயோ கே வெங்கா". 'வரமாட்டான்னு தோணுது' என்பது "க்ரெயோ கே நோ வியெனே". இல்லைங்கிறது எந்த வினையில ஒட்டுதுன்னு பாத்தாப் போதும்.

ஆத்துப்பாலம்:
தேரடி சொன்னது சரி. ஆனா முதல் வாக்கியத்துலயே ஒரு கண்ணி இருக்கு. சொல்லுதவர் அத்தை வீட்டுல இருந்தாத்தான் வெங்காஸ். நீங்களும் அவனும் ஜங்ஷன்ல நின்னுக்கிட்டு, அத்தை பாளையங்கோட்டையில இருந்தா "கே வாயாஸ்", அதாவது 'போ'வோட சப்ஜங்டிவ். வெனிர் பேசுதவர் நிக்கிற இடத்துக்கு மட்டும்தான். கூப்பிட்ட குரலுக்கு நாம 'இந்தா வாரேன்' என்போம், அவங்க "யா வோய்" என்பாங்க, போறேன்னு.

பாளைமாணவன்:
அப்போ போன்ல 'நான் ஸ்டேஷனுக்கு வரணுமா?'ன்னு கேட்டா "கியெரெஸ் கே வெங்கா"வா, "வாயா"வா? அவ ஸ்டேஷன்ல நிக்கா, நான் வீட்டுல.

தேரடி:
வாயா. கியெரெஸ்னா 'வேணுமா', அது 'நீ'க்கு, பெரியவங்கன்னா கியெரே. 'வா' வென், 'வாங்க' வெங்கா, 'வராதே' நோ வெங்காஸ். நம்ம 'வாரும்'க்கு மட்டும் அங்க தனி இடம் இல்ல, ரெண்டுல ஒண்ணைத்தான் பிடிக்கணும்.