போலி ஸ்டீவ் ஜாப்ஸின் நாட்குறிப்பு: கட்டுரையால் முடியாத எதை அது செய்தது?

செம்பருத்தி (கேள்வி):

நண்பர்களுக்கு வணக்கம். இதழியல் மாணவர்களுக்கு அங்கத எழுத்தைப் பற்றிச் சில வகுப்புகள் எடுக்க வேண்டியிருக்கிறது. 2006ஆம் ஆண்டு இணையத்தில் தொடங்கிய, அப்போதைய ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் கைப்பட எழுதுவதுபோல் அமைந்த அந்தப் பொய் நாட்குறிப்பைப் பாடமாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். எழுதியவர் யார் என்று தெரியாமலே சிலிக்கான் பள்ளத்தாக்கு முழுவதும் அதைப் படித்துச் சிரித்தது. 2007 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் பிராட் ஸ்டோன்தான், அவர் ஃபோர்ப்ஸ் இதழின் மூத்த ஆசிரியர் டேனியல் லயன்ஸ் என்று கண்டறிந்து எழுதினார்.

வகுப்பில் நிச்சயம் எழப்போகும் ஒரு கேள்விக்கு எனக்கே தெளிவான விடை வேண்டும். பெரும் செல்வமும் அதிகாரமும் கொண்ட ஒருவரைக் குறைகூற நினைக்கும் இதழாளருக்குக் கட்டுரை என்ற நேரான வழி இருக்கும்போது, உயிரோடு இருக்கும் மனிதரின் பெயரில் அவர் சொல்லாத சொற்களை எழுதுவதற்கு என்ன நியாயம்? அந்த வடிவம் கட்டுரையை விடக் கூடுதலாக எதையாவது சாதித்ததா, அல்லது ஒரு பிரபலத்தை வைத்து நடத்திய விளையாட்டு மட்டும்தானா?

பழைய வாசகன்:

அந்த நாட்குறிப்பை அது வந்துகொண்டிருந்த நாள்களிலேயே படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அது சாதித்தது, அதுவும் நிறையவே சாதித்தது.

கட்டுரையில் குற்றம் சாட்டுபவர் வெளியே நிற்கிறார். அவர் சொல்வதை நம்புவதா வேண்டாமா என்று வாசகர் எடைபோட்டுக்கொண்டே இருப்பார். நாட்குறிப்பில் குற்றம் சாட்டுபவரே கிடையாது. பேசுகிறவர் தம்மைப் புகழ்ந்துகொள்கிறார், அந்தப் புகழ்ச்சியே அவருக்கு எதிரான சாட்சியமாக மாறுகிறது. இது லயன்ஸ் கண்டுபிடித்த வழியும் அன்று. பிரிட்டனில் பிரைவேட் ஐ இதழ் 1960களிலேயே பிரதமர் ஹெரால்ட் வில்சனின் மனைவி எழுதும் நாட்குறிப்பு என்ற பெயரில் இதைச் செய்தது.

லயன்ஸின் தனித்திறன், உண்மையான ஜாப்ஸைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்த விவரங்களில் இருக்கிறது. ஜாப்ஸ் இளமையில், 1974இல், ஆன்மிகத் தேடலோடு இந்தியாவுக்கு வந்தவர்; ஜென் பௌத்தத்தைப் பயின்றவர்; ஆண்டுக்கு ஒரு டாலர் மட்டுமே சம்பளம் பெற்றவர். அதே மனிதர் ஊழியர்களிடம் காட்டிய கடுமையும் ஊரறிந்தது. இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி “பாருங்கள், முரண்பாடு” என்று கட்டுரையாளர் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கும். போலி ஸ்டீவோ ஒரே பத்தியில் ஒருவரை வேலையைவிட்டு விரட்டிவிட்டு, மன அமைதியைப் பற்றிச் சில வரிகள் எழுதி, இறுதியில் “நமஸ்தே” என்று கையொப்பமிடுவார். அவருடைய உள்ளத்தில் இவ்விரண்டுக்கும் இடையே எந்த உறுத்தலும் இல்லை. உறுத்தல் வாசகருக்கு மட்டுமே. அந்த வடிவத்தின் வலிமை முழுவதும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பணத்தைப் பற்றிய பகுதி இன்னும் முக்கியமானது. அந்த நாட்குறிப்பு பிறந்த 2006ஆம் ஆண்டில்தான், ஊழியர் பங்குரிமைகளுக்கு (குறித்த விலையில் நிறுவனப் பங்கை வாங்கும் உரிமைகளுக்கு) பின்தேதியிட்ட விவகாரம் ஆப்பிளில் வெடித்தது. பங்கின் விலை குறைவாக இருந்த ஒரு பழைய நாளைத் தேர்ந்து, அன்றே உரிமை வழங்கப்பட்டதுபோல் ஏட்டில் பதிவது அந்த முறை. விலை ஏறியபின் கிடைத்த உரிமைக்கும் பழைய மலிவு விலையே பொருந்தும் என்பதால் பெறுபவருக்கு இலாபம் அப்போதே உறுதியாகிவிடும். ஜாப்ஸுக்கு வழங்கப்பட்ட 75 இலட்சம் பங்குரிமைகள் 2001 அக்டோபரில் நடந்த இயக்குநர் குழுவின் சிறப்புக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்றதாக ஆவணம் இருந்தது. அப்படியொரு கூட்டமே நடக்கவில்லை என்று 2006 டிசம்பரில் நிறுவனமே அறிவித்தது. ஜாப்ஸ் மன்னிப்புக் கேட்டார், அரசுத் தரப்பில் அவர்மீது வழக்கு எதுவும் தொடரப்படவில்லை. நடக்காத கூட்டத்துக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதிய நிறுவனத்தின் தலைவருக்கு, அவர் எழுதாத நாட்குறிப்பை ஒருவர் எழுதினார். இந்தப் பொருத்தத்தை மாணவர்கள் தாமாகவே காணும்படி செய்யுங்கள், அம்மா. லயன்ஸ் 2007இல் வெளியிட்ட நாவலும் இந்த விவகாரத்தை மையமாகக் கொண்டதுதான்.

வடக்குவாசல்:

மேலே நண்பர் சொன்ன நுட்பத்தை மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பற்றி எனக்கு வலுவான ஐயம் உண்டு. அந்த நாட்குறிப்பை விரும்பிப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆப்பிளை நேசித்தவர்கள். போலி ஸ்டீவ் ஆணவக்காரர்தான், ஆனால் அறிவாளி, துணிச்சல்காரர், மற்ற முதலாளிகளைவிடச் சுவையானவர். கூகுளின் தலைவராக இருந்துகொண்டே ஆப்பிள் இயக்குநர் குழுவிலும் அமர்ந்திருந்த எரிக் ஷ்மிட்டை அவர் அணில் பையன் என்று அழைத்தபோது, வாசகர் ஜாப்ஸின் பக்கம் நின்றே சிரித்தார். 2007 மே மாதம் ஜாப்ஸும் பில் கேட்ஸும் ஒரே மேடையில் அமர்ந்தபோது, தாம் போலி ஸ்டீவ் ஜாப்ஸ் இல்லை என்று கேட்ஸ் வேடிக்கையாகத் தெளிவுபடுத்தினார். அங்கதத்துக்கு இலக்கானவர்களின் கூட்டமே அதைத் தங்கள் விருந்தில் ஒரு பண்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றால், அது யாரைச் சுட்டது?

பெயர் வெளிப்பட்டபின் அதன் ஆற்றல் குன்றியதற்கும் இதுவே காரணம் என்று கருதுகிறேன். எழுதியவர் ஒரு நாவலாசிரியர், அதே நேரத்தில் ஒரு பெரிய வணிக இதழில் எழுதுபவர் என்று, நூலின் கையெழுத்துப்படியைப் பதிப்பாளர்களிடம் காட்டிய முகவர் சொன்ன குறிப்பைப் பிடித்துக்கொண்டும், லயன்ஸ் சொந்தப் பெயரில் எழுதிவந்த வலைப்பதிவின் நடையை ஒப்பிட்டும்தான் ஸ்டோன் அவரை அடையாளம் கண்டார். அதுவரை, ஆப்பிளுக்கு உள்ளிருந்தே யாரோ எழுதுகிறார்கள் என்ற எண்ணம் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கனத்தைக் கொடுத்திருந்தது. அதன்பின் அது ஓர் இதழாளரின் கற்பனை ஆகிவிட்டது.

நீலவேணி:

வடக்குவாசல் ஐயாவுக்கு மறுமொழியாக ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். பெயர் வெளிப்பட்டபின் எழுதப்பட்டவற்றில்தான் அதன் மிகக் கூர்மையான பதிவுகள் இருக்கின்றன. ஐபோன் தயாரிக்கும் பாக்ஸ்கான் ஆலைகளில் தொழிலாளர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் வந்த காலத்தில், போலி ஸ்டீவ் வழக்கமான பெருமிதத்தோடு தொடங்கி, மெல்லக் குரல் மாறி, இந்தப் பொருள்களெல்லாம் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை, அது நமக்குத் தெரிந்தும் நாம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்ற பொருளில் எழுதினார். அங்கே நேசித்துப் படித்த வாசகரும் தப்பவில்லை. அவர் பக்கம் நின்று இதுவரை சிரித்தவர் என்பதாலேயே அந்த அடி அவர்மீது முழுமையாக விழுந்தது. தொடக்கத்திலிருந்தே ஜாப்ஸை வெறுக்க வைக்கும் எழுத்தாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இதே காலத்து உண்மைப் பேச்சு ஒன்றையும் வகுப்பில் அருகில் வையுங்கள். 2010 ஜூனில் ஒரு மாநாட்டு மேடையில் உண்மையான ஜாப்ஸ், பாக்ஸ்கான் தொழிலாளரைக் கசக்கிப் பிழியும் ஆலை இல்லை என்றார். அங்கே உணவகங்களும் திரையரங்குகளும் மருத்துவமனைகளும் நீச்சல் குளங்களும் இருப்பதாகப் பட்டியலிட்டு, ஆலை என்ற அளவில் நல்ல இடமே என்றார். இந்த இரண்டையும் பெயர் குறிப்பிடாமல் கொடுத்து, எது உண்மையானவர் சொன்னது என்று மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாட்குறிப்பில் இருந்த மனசாட்சி மேடையில் இல்லை. அந்த வேறுபாடு எனக்கு இன்றும் வேதனை தருகிறது.

சட்டம் படித்தவர்:

அறத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கான அடித்தளம் 1988ஆம் ஆண்டின் ஹஸ்ட்லர் எதிர் ஃபால்வெல் வழக்கு. ஜெரி ஃபால்வெல் என்ற புகழ்பெற்ற மதபோதகர் தம்மைப் பற்றி அருவருப்பான ஒன்றைத் தம் வாயாலேயே சொல்வதுபோல் ஹஸ்ட்லர் என்ற இதழ் ஒரு கேலி விளம்பரம் வெளியிட்டது. அது உண்மையென்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று கூறி அவதூறுக் கோரிக்கையை நடுவர் குழு ஏற்கவில்லை. மன உளைச்சலுக்காக மட்டும் இழப்பீடு வழங்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதையும் ஒருமனதாக நீக்கியது. பொதுவாழ்வில் இருப்பவர், உண்மை என்று நம்பவைக்கும் பொய் தெரிந்தோ, உண்மையா என்று பொருட்படுத்தாமலோ சொல்லப்பட்டதாக மெய்ப்பிக்காதவரை, அங்கதத்துக்காக இழப்பீடு பெற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆகவே, தன்னைப் போலி என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்ட நாட்குறிப்புக்குச் சட்டத்தில் உறுதியான இடம் உண்டு.

சட்டம் அனுமதிப்பதெல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் இந்த நாட்குறிப்பிலேயே சான்றுகள் உள்ளன. 2009 டிசம்பரில், ஐபோன்களுக்கு அலைபேசிச் சேவை வழங்கிய ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மோசமான சேவைமீது கோபம் பெருகியிருந்தபோது, குறித்த ஒரு நாள் நண்பகலில் ஐபோன் வைத்திருப்போர் அனைவரும் ஒருமணி நேரம் தரவைக் கொட்டி வலையமைப்பைத் திணறடிக்க வேண்டும் என்று போலி ஸ்டீவ் அழைப்பு விடுத்தார். பலர் அதை மெய்யாகவே எடுத்துக்கொண்டார்கள். நிறுவனம் அதைப் பொறுப்பற்ற செயல் என்றது. கூட்டரசின் தகவல்தொடர்பு ஆணையத்தில் பொதுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியும் எச்சரித்தார். ஆபத்தில் இருப்பவரின் அழைப்பும் அதே வலையமைப்பில்தான் செல்கிறது என்பதால் அந்தக் கண்டனம் நியாயமானது என்பேன்.

மற்றொன்று நோய். 2004இல் கணையப் புற்றுக்கட்டிக்காக அறுவை செய்துகொண்ட ஜாப்ஸ், 2008 நடுவில் மிகவும் மெலிந்து காணப்பட்டார். அப்போது லயன்ஸ் நாட்குறிப்பை நிறுத்தினார். நோயுற்ற மனிதரின் குரலில் வேடிக்கை எழுத அவருக்கு மனம் ஒப்பவில்லை. அங்கதம் ஒருவருடைய அதிகாரத்தின்மீதுதான் பாய வேண்டும். அவருடைய உடலின்மீது பாயக் கூடாது என்பதை அவரே உணர்ந்த இடமாக அதைக் காண்கிறேன். பிறகு சில காலம் மீண்டும் எழுதினார் என்பது வேறு.

செம்பருத்தி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பங்குரிமை விவகாரத்தையும் பாக்ஸ்கான் பதிவுகளையும் பாடத்தின் நடுவில் வைக்கிறேன். மாணவர்களையே இன்றைய தொழில்நுட்பச் செல்வந்தர் ஒருவரின் பெயரில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாமா?

பழைய வாசகன்:

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் அந்தச் செல்வந்தரின் உரைகள், பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள், நீதிமன்றத்திலோ நாடாளுமன்றக் குழுவின் முன்போ அளித்த வாக்குமூலங்கள் ஆகியவற்றை ஒரு வாரமாவது படிக்கவையுங்கள். லயன்ஸ் பல ஆண்டுகள் இந்தத் துறையைப் பற்றிச் செய்தி எழுதியவர். அந்த உழைப்பு இல்லாமல் குரல் பிடிபடாது. குடும்பத்தினரையும் சாதாரண ஊழியர்களையும் பெயர் சொல்லி இழுக்கக் கூடாது என்று முதலிலேயே விதித்துவிடுங்கள். பக்கத்தின் தலைப்பில் போலி என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.